பக்கத்து நாடா

“நான் கிளம்பறேன் அம்மா. உங்ககிட்ட வாங்கி வாங்கிக் கை மரத்துப்போச்சு.”

குழலம்மா நிமிர்ந்து பார்த்தார். கையில் சுக்குத் தண்ணீர் டம்ளர். தொண்டை கட்டியிருந்தது.

“எங்க?”

“ஓசூருக்கு. மக வீட்டுக்கு. இனி அங்கேயேதான்.”

“எப்ப?”

“இப்பதான். சிக்கந்தரை ஜீப்பு கொண்டாரச் சொல்லிட்டேன்.”

குழலம்மா ஒரு மிடறு குடித்தார். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை.

*

கிளம்புகிறேன் என்றவர் ஞானசிகாமணி சார். அறுபதைத் தாண்டியவர். திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் இயற்பியல் நடத்தி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர்.

கேட்டுக்கொண்டிருந்த குழலம்மாவின் முழுப்பெயர் கார்குழலி. வயதில் சாருக்கு மகள் மாதிரி. ஆனால் இங்கே அவர்தான் குரு, சார்தான் சீடர்.

குரு சீடரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். ஒரு வாத்தியாரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஏறும் பாதையில், வளைவுகள் தொடங்கும் இடத்தில் அந்த ஓட்டுக் கட்டடம். பெயர்ப்பலகை கிடையாது. ஜீப் ஓட்டுகிறவர்கள் ‘குழலம்மா இடம்’ என்பார்கள். சிலர் அங்கேயே தங்கியிருப்பார்கள். காலைக் கஞ்சி முடிந்ததும் எல்லாரும் கூடத்தில் உட்காருவார்கள். குழலம்மா ஏதாவது சொல்வார். சில நாள் சும்மா இருப்பார்.

இதற்கு முன் அவர் வெளிநாட்டில் ஒரு பெரிய சோதனைக்கூடத்தில் இருந்தார். மின்நிலையங்களில் பொருத்தும் கனத்த செம்புப் பட்டைகள், ஏதாவது கோளாறில் கரண்ட் எகிறினால் வளையாமல் தாங்குமா தாங்காதா என்று பார்க்கும் வேலை. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. யாராவது விடாமல் கேட்டால், நல்லாச் சத்தம் வரும் என்பார்.

*

சார் இங்கே வந்த கதை சின்னது.

அவருக்குப் பேச்சு நிற்காது. ஓய்வு பெற்ற பிறகும் பாடம் நடத்திக்கொண்டே இருந்தார். சாம்பார் ஏன் கொதிக்கிறது, ஃபேன் ஏன் சுற்றுகிறது, மூக்குக்கண்ணாடி ஏன் மங்குகிறது. மனைவி ரூபி இருந்தவரை கேட்டுக்கொண்டிருந்தார். ரூபி போன பிறகு கேட்க ஆளில்லை.

ஒரு நாள் மகள் பிரிசில்லா போன் செய்தாள். ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். சார் குறுக்கே பேசினார். அவள் மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி பேசினார். அப்பா, நீங்க பீரியடை முடிச்சிட்டுச் சொல்லுங்க, நான் அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிட்டாள்.

அவள் சொல்ல வந்தது என்ன என்று சாருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அதன் பிறகு அவருக்குத் தூக்கம் போயிற்று. யாரோ இந்த இடத்தைச் சொன்னார்கள்.

வந்த முதல் காலையே வியாதி தலைகாட்டியது. குழலம்மா பேசிக்கொண்டிருந்தார். எல்லாரும் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அது எப்படிம்மா?” என்று கேட்டுவிட்டார் சார்.

மூடியிருந்த கண்களெல்லாம் திறந்தன. அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் குறுக்கே கேட்டதில்லை.

குழலம்மா சாரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே தெரியல, யோசிச்சுச் சொல்றேன் என்று எழுந்து போனார். மாலையில் சார் துணி துவைத்துக்கொண்டிருந்த கல்லுக்கே வந்து பதில் சொன்னார்.

சாருக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசும். வந்த அன்றைக்கே அந்த அம்மாவைப் பாடுபடுத்திவிட்டோமே என்று.

*

ஆனால் கிடைத்தது கொஞ்சமில்லை.

தூக்கம் திரும்பியது. கேட்பதற்கும் பேசுவதற்கும் நடுவில் ஓர் இடம் இருப்பது தெரிந்தது. அடுத்தவர் முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருக்கப் பழகினார்.

போன கிறிஸ்துமஸுக்குப் பிரிசில்லா போனில் நெடுநேரம் பேசினாள். மாமியார் பற்றி, வேலை பற்றி, தனக்கு வந்து போன ஒரு பயம் பற்றி. நடுவில் நிறுத்தி, அப்பா, லைன்ல இருக்கீங்களா என்றாள்.

இருக்கேம்மா, சொல்லு என்றார் சார்.

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது.

அன்றைக்குச் சார் கூடத்துக்கு வந்து, குழலம்மா எதிரில் நின்று, ஒன்றும் சொல்லத் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார். அன்றிலிருந்து அந்த நன்றி அவருக்கு நெஞ்சில் கனத்துக்கொண்டே வந்தது.

இங்கே ஒருவர் சமைக்கிறார். ஒருவர் மோட்டார், குழாய் எல்லாம் பார்த்துக்கொள்கிறார். ஒருவர் வீட்டிலிருந்து அரிசி வருகிறது. நாம் மட்டும் என்ன செய்கிறோம்? சந்தேகம் கேட்கிறோம்.

நேற்று அது முற்றிப்போனது. குழலம்மாவுக்குக் காலையிலேயே சளி. மற்றவர்கள் பார்த்துவிட்டு எழுந்துகொண்டார்கள். சார் மட்டும், சின்னதா ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தார். அது இன்னொன்றில் கொண்டுபோய் விட்டது. அது வேறொன்றில். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது குழலம்மாவுக்குக் குரலே இல்லை.

ராத்திரியே சார் பெட்டியைக் கட்டிவிட்டார்.

*

அந்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இனிமேல் வரமாட்டேன் என்று கிளம்புகிறவர், குழலம்மா சொல்லும் ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். ஒருவர் கூரையில் ஓடு மாற்றிவிட்டுப் போனார். ஓர் அம்மாள் வடு மாங்காய் போட்டு வைத்துவிட்டுப் போனார்.

தனக்குத் தண்ணீர்த் தொட்டி கழுவும் வேலைதான் என்று சார் முடிவு செய்திருந்தார். தேங்காய் நாரும் பழைய லுங்கியும் எடுத்து வைத்திருந்தார்.

குழலம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

“பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வயரு. ரெண்டுலயும் கரண்ட் ஓடுது. என்ன ஆகும்?”

சாருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பல் துலக்குவது மாதிரி வந்தது.

“ஒரே திசையில ஓடினா ஒன்னை ஒன்னு இழுக்கும். எதிர்த் திசைன்னா தள்ளும்.”

“பாத்திருக்கீங்களா?”

“இல்லம்மா. நடத்தியிருக்கேன்.”

“காட்டிட்டுப் போங்க.”

அவ்வளவுதான் வேலை.

சாருக்குக் கொஞ்சம் வருத்தம். கைத் தடிமன் செம்புப் பட்டைகளே வளைந்து போவதைக் கண்ணால் பார்த்தவர் இந்த அம்மா. அவருக்கு நான் என்ன காட்டுவது? வேலை கொடுக்க வேண்டுமே என்று கொடுக்கிறார். தொட்டியாவது உபயோகமாக இருந்திருக்கும்.

*

சிக்கந்தர் வந்து ஹாரன் அடித்தபோது சார் தரையில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார்.

சப்பாத்தி சுற்றும் சில்வர் பேப்பர். அதில் விரலகலத்துக்கு இரண்டு நாடா. இரண்டும் ஒரே நீளம், ஒரே அகலம். உயரமான மர ஸ்டூல் ஒன்றின் மேல்கட்டைக்கும் கீழ்க்கட்டைக்கும் நடுவே, இரண்டையும் எதிரெதிராக, கொஞ்சம் தொய்வாக, ஊசி குத்தித் தொங்கவிட்டார். நடுவில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி.

பிறகு ஸ்டூலை இப்படியும் அப்படியும் திருப்பினார். வடக்கு எது என்று ஜன்னலைப் பார்த்தார்.

சிக்கந்தர் உத்தமபாளையத்துக்காரர். வாயைக் கட்டி வைக்கத் தெரியாதவர்.

“என்ன சார், தொழுகைக்குக் கிப்லா திசை பாக்கறீங்களா? மேற்கு அந்தப் பக்கம். என்னைக் கேட்டா சொல்ல மாட்டேனா?”

பூமியும் ஒரு காந்தம்தானே என்றார் சார். நாடா இரண்டும் வடக்கும் தெற்குமாக நின்றால் அது நம் காரியத்தில் கை வைக்காது.

சிக்கந்தர் குழலம்மாவைப் பார்த்தார். குழலம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மலையில் கரண்ட் அடிக்கடி போகும் என்பதால் கூடத்தின் மூலையில் இன்வர்ட்டர் பேட்டரி இருந்தது. அதைச் சிக்கந்தரும் சாரும் இழுத்து வந்தார்கள். வண்டி நின்றுபோனால் இன்னொரு வண்டியிலிருந்து கரண்ட் எடுக்க ஜீப்பில் கிடந்த ஜம்பர் கேபிள் வந்தது.

சார் இரண்டு நாடாவிலும் மேலிருந்து கீழாகக் கரண்ட் போகும்படி மாட்டினார். கடைசி முனையைக் கையில் எடுத்துக்கொண்டார். தொட்டதும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தாள் பொசுங்கிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

தொட்டார்.

இரண்டு நாடாவும் சடக்கென்று நடுவில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து ஒட்டின. எடுத்ததும் பிரிந்தன.

சார் மறுபடி தொட்டார். மறுபடி ஒட்டின.

முப்பது வருடப் பாடம் முதல் தடவையாகக் கண்முன்னால் நடந்தது.

சிக்கந்தர் குனிந்து ஸ்டூலுக்கு அடியில் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார்.

“காந்தத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

காந்தம் இல்லை என்றார் சார். இரும்பும் இல்லை. சில்வர் பேப்பரைக் காந்தம் இழுக்கவும் இழுக்காது. ஓடுகிற கரண்ட்தான் தன்னைச் சுற்றிக் காந்தமாகிறது. ஓடாமல் நின்றுவிட்டால் அதுவும் இல்லை. அங்கே ஆரம்பித்து, வலதுகைக் கட்டைவிரலுக்குப் போய், விரல்களை மடக்கிக் காட்டி, ஒரு திசைகாட்டி முள் கம்பிக்குப் பக்கத்தில் எப்படித் திரும்பும் என்பதற்குப் போய், அங்கிருந்து…

கூடம் அமைதியாக இருந்தது. சார் நிறுத்தினார்.

“மன்னிச்சுக்குங்க. பீரியட் ஆரம்பிச்சுட்டேன்.”

“இல்ல சார், நல்லாத்தான் இருக்கு,” என்றார் சிக்கந்தர். “என் பொஞ்சாதிகிட்டச் சொன்னா நம்ப மாட்டா, அவ்வளவுதான்.”

அடுத்துச் சார் கேபிளை மாற்றினார். ஒரு நாடாவில் இறங்கிய கரண்ட் அடுத்த நாடாவில் ஏறும்படி. தொட்டார். இரண்டும் ஒன்றையொன்று பிடிக்காதது போல விலகி வளைந்தன.

இது தன் மச்சினன்மார் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார் சிக்கந்தர்.

குழலம்மா சிரித்தார். சத்தம் வரவில்லை.

*

சார் கையைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அம்மா, முடிஞ்சுது என்றார்.

குழலம்மா தலையசைத்தார். முடியவில்லை என்று.

“ஒன்னுல நிறைய. ஒன்னுல கொஞ்சம்.”

சாருக்குப் புரிந்தது. ஒரு நாடாவில் பெரிய கரண்ட், அடுத்ததில் சின்னக் கரண்ட், ஒரே திசையில். அதற்கு இன்னொரு பேட்டரி வேண்டும். சின்னதைச் சின்னதாக வைக்க நடுவில் ஒரு பல்பு வேண்டும்.

இருவரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தார்கள். அங்கே ஜீப் நின்றுகொண்டிருந்தது.

சிக்கந்தர் எழுந்து நின்றுவிட்டார்.

“அம்மா, பேட்டரியக் கழட்டிட்டா சார் எதுல போவாரு?”

குழலம்மா ஜீப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிக்கந்தர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு, ஹெட்லைட்டை உடைச்சுடாதீங்க, நைட்டு எஸ்டேட் ஆளுங்களை இறக்கணும் என்று முனகிக்கொண்டே ஸ்பேனர் எடுக்கப் போனார்.

எல்லாம் மாட்டி முடிந்தது. ஒரு நாடா இன்வர்ட்டர் பேட்டரியோடு நேராக. அடுத்த நாடா ஜீப் பேட்டரியோடு, நடுவில் ஹெட்லைட் பல்பு. பல்பு வழியாக வருவதால் அதில் சொற்பக் கரண்ட்தான் போகும். சார் புதிதாக இரண்டு நாடா வெட்டித் தொங்கவிட்டிருந்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றே.

“எது நகரும்?” என்றார் குழலம்மா.

“சின்னதுதாம்மா. அதுல என்ன சந்தேகம்?”

“பெருசு?”

“பெருசு நின்ன இடத்துல நிக்கும். சின்னதுதான் ஓடி வரும்.” சார் கொஞ்சம் தயங்கினார். “நான் ஓடி வந்தேனே, அது மாதிரி. இது நீங்க. இது நான்.”

குழலம்மா, தொடுங்கள் என்று கையைக் காட்டினார்.

ஹெட்லைட் எரிந்தது. சார் கேபிளைத் தொட்டார்.

சின்னக் கரண்ட் ஓடிய நாடா சாய்ந்தது.

பெரிய கரண்ட் ஓடிய நாடாவும் சாய்ந்தது.

அது எவ்வளவோ, இது அவ்வளவு.

சார் கையை எடுத்தார். ஸ்டூல் ஆடியிருக்கும் என்றார். இன்னொரு முறை தொட்டார். இரண்டும் சாய்ந்தன.

காற்று என்றார். சிக்கந்தர் போய் ஜன்னலைச் சாத்தினார். கதவையும் சாத்தினார். இரண்டும் சாய்ந்தன.

தாளில்தான் ஏதோ வித்தியாசம் என்று, பெரிய கரண்டை அந்த நாடாவுக்கும் சின்னதை இந்த நாடாவுக்கும் மாற்றிப் போட்டார். இரண்டும் சாய்ந்தன. ஒரு பக்கம் கூட இல்லை, ஒரு பக்கம் குறைவும் இல்லை.

சார் தரையில் உட்கார்ந்தார்.

உதடு மட்டும் அசைந்தது. இந்தக் கரண்டையும் அந்தக் கரண்டையும் பெருக்கினால் வருவதுதான் விசை. பெருக்கி வருவது ஒன்றே ஒன்று. அதுவேதான் இதற்கும், அதுவேதான் அதற்கும்.

“போர்டுல எழுதியிருக்கீங்களா?” என்றார் குழலம்மா.

“எழுதாத வருஷம் கிடையாதும்மா.”

சிக்கந்தருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எது ஜெயிச்சுது என்று கேட்டார்.

*

சார் வெகுநேரம் அந்த இரண்டு நாடாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை அசைத்துக்கொண்டார்.

இல்லை என்றார். இது பேட்டரி. இது தாள். இதில் சரி. மனுஷன் விஷயம் வேறு.

தான் இங்கே வந்தபோது எப்படி இருந்தோம் என்று சொன்னார். நெஞ்சு படபடக்க விடியும்வரை விழித்துக் கிடந்ததைச் சொன்னார். இப்போது படுத்தால் தூங்கிவிடுவதைச் சொன்னார். பிரிசில்லா அழுததைச் சொன்னார். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு தான் போனைப் பிடித்தபடி சும்மா இருந்ததை, அப்படிச் சும்மா இருக்கத் தன்னால் முடிந்ததைச் சொன்னார். ரூபி இருந்தபோது இது தெரிந்திருந்தால் அவளையும் ஒரு நாளாவது பேசவிட்டிருப்பேன் என்றார்.

நிறுத்தி, மறுபடி தொடங்கினார்.

“இத்தனையும் உங்ககிட்ட வாங்கினது. பேரு சொல்லிக் கும்பிடக்கூட எனக்கு வார்த்தை பத்தல. இதுக்கு நான் உங்களுக்கு என்ன கொடுத்தேன்? சொல்லுங்க. நான் பேசினேன், கேட்டேன், உங்க தொண்டையக் கட்ட வச்சேன். அதைத் தவிர என்ன?”

குழலம்மா எழுந்தார்.

ஸ்டூல் அருகே வந்தார். ஜீப் பேட்டரியின் வயரைக் கழற்றினார். ஹெட்லைட் அணைந்தது. சின்னக் கரண்ட் ஓடிய நாடாவின் ஊசிகளை மேலும் கீழும் பிடுங்கி, அந்த நாடாவைப் பத்திரமாக எடுத்துச் சாரின் உள்ளங்கையில் வைத்தார்.

மற்ற நாடா தனியாகத் தொங்கியது.

இன்வர்ட்டர் பேட்டரியின் கேபிளை அவரே எடுத்து முனையில் தொட்டு வைத்தார்.

அதே பேட்டரி. அதே பெரிய கரண்ட்.

நாடா அசையவில்லை.

சார் காத்திருந்தார். இவ்வளவு நேரமும் தொட்டதும் எடுத்தது போல இப்போதும் எடுத்துவிடுவார் என்று நினைத்தார். குழலம்மா எடுக்கவில்லை.

நாடா எந்தப் பக்கமும் சாயவில்லை. சாய்வதற்கு எந்தப் பக்கமும் எதுவும் இல்லை. நேராகத் தொங்கிக்கொண்டு சூடேறியது.

“அம்மா, போதும்,” என்றார் சார்.

எடுக்கவில்லை.

பளபளப்பு மங்கியது. நாடா நடுவில் சுருங்கியது. ஒரு சின்னப் பொறி. அறுந்து இரண்டாக விழுந்தது. கருகிய வாசனை கூடத்தில் நின்றது.

குழலம்மா கேபிளைக் கீழே வைத்தார். சாரைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

“இது நான், சார். நீங்க வந்து கேக்கறதுக்கு முந்தி.”

*

சிக்கந்தர் மெதுவாகக் கதவைத் திறந்தார். வெளிச்சம் வந்தது. பேட்டரியை வண்டியில் மாட்டட்டுமா என்று கேட்டார். இரண்டு பேரில் யாரைக் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

சார் உள்ளங்கையில் இருந்த நாடாவைப் பார்த்தார். கசங்காமல் இருந்தது. மூச்சுவிட்டால் நடுங்கியது.

விரல்களை மெல்ல மூடிக்கொண்டார்.

“அம்மா,” என்றார்.

குழலம்மா நிமிர்ந்தார்.

“இப்ப வேணாம். தொண்டை சரியானப்புறம் மெதுவாச் சொல்லுங்க. எனக்கு ஒரு சந்தேகம்.”